எந்த நாடு ஜெயிச்சுது?

(2024 ஏப்ரல். ஷாங்காய் ஃபார்முலா 1 கார் பந்தயம் முடிந்து டிவியில் தேசிய கீதம். மாமா கொட்டாவியோடு வந்து உட்காருகிறார்.)

மாமா: எந்த நாடு ஜெயிச்சுது?

மருமகன்: வெர்ஸ்டாப்பன்.

மாமா: அது எங்க இருக்கு?

மருமகன்: அது ஆள் மாமா.

மாமா: சரி, ஆளோட நாடு?

மருமகன்: நெதர்லாந்து. பொறந்தது பெல்ஜியம்.

மாமா: ஏதாவது ஒண்ணு சொல்லு. (அடுத்த பாட்டு தொடங்குகிறது) இது பெல்ஜியத்துக்கா?

மருமகன்: ஆஸ்திரியாவுக்கு. முதல் பாட்டு ஓட்டினவருக்கு, ரெண்டாவது ரெட் புல் டீமுக்கு.

மாமா: அப்ப கார் ஆஸ்திரியாவுல செஞ்சது.

மருமகன்: இங்கிலாந்துல. எஞ்சின் ஹோண்டா, ஜப்பான். டயர் இத்தாலி கம்பெனியோடது.

மாமா: அப்ப எந்த நாடுதாண்டா ஜெயிச்சுது?

மருமகன்: 56 சுத்து ஓடினாங்க. அதுல ஒண்ணுகூட நீங்க பாக்கல. பாட்டுக்கு மட்டும் கரெக்டா எழுந்து வந்துட்டீங்க.

மாமா: ஆரம்பத்துலயும் வந்தேனே! சீனா பாட்டு போட்டான். ரோடாவது அவங்களோடதுதானே?

மருமகன்: வரைஞ்சவர் ஹெர்மன் டில்கே. ஜெர்மனிக்காரர்.

மாமா: (தொடையைத் தட்டி) அப்படிச் சொல்லு! அவரு ஆளு ஜெயிக்கிற மாதிரி வளைச்சு வச்சிருப்பாரு.

மருமகன்: 2004ல இங்க முதல் ரேஸ். ஜெயிச்சது பாரிக்கெல்லோ, பிரேசில். ஜெர்மனியோட ஷூமாக்கர் அந்த வருஷ சாம்பியன். வந்தது 12ஆவதா.

மாமா: சொந்த ஊர்க்காரனுக்கே குழி வெட்டியிருக்காரு!

மருமகன்: குழி இல்ல, நத்தை ஓடு. முதல் வளைவு உள்ள போகப் போக இறுகிக்கிட்டே போகும். அவசரப்பட்டு நுழைஞ்சா டயரைத் தேய்ச்சுக்கிட்டுதான் வெளிய வரணும். அப்புறம் பின்பக்கம் ஒரு கிலோமீட்டருக்கு மேல நேர் ரோடு, அது முடியுற இடத்துல படக்குன்னு ஊசி வளைவு. பின்னால வர்றவன் முன் காரோட காத்து மறைவுல ஒட்டிக்கிட்டே வந்து, கடைசி நொடியில பிரேக்கை மிதிச்சு உள்பக்கமா மூக்கை நுழைப்பான். அங்க யாரும் யார் பாஸ்போர்ட்டையும் பாக்கறதில்ல.

மாமா: மேலேருந்து பாத்தா ஏதோ எழுத்து மாதிரி இருக்கே?

மருமகன்: ஷாங்காய்ல வர்ற 'ஷாங்'. சீன எழுத்து.

மாமா: எழுத்து சீனா, எழுதினது ஜெர்மனி. அப்ப எந்த நாடு...

மருமகன்: மாமா!

மாமா: இதுக்குத்தான் டேபிள் டென்னிஸ் பாக்கணும்ங்கறேன். சீனா, சீனா, சீனா. ஒரே பாட்டு, வேலை முடிஞ்சுது.

மருமகன்: 2008 ஒலிம்பிக்ல ஒற்றையர் மெடல் ஆறையும் அவங்களே அள்ளிட்டாங்க. உடனே அடுத்த ஒலிம்பிக்லேருந்து ஒற்றையருக்கு ஒரு நாட்டுக்கு ரெண்டு பேர்தான்னு விதியை மாத்திட்டாங்க.

மாமா: அந்த மூணாவது ஆளு என்ன பாவம் பண்ணான்?

மருமகன்: உங்களை மாதிரி கொடி எண்ணுறவங்க கண்ணுல பட்டுட்டான்.

மாமா: (காது கேட்காத பாவனையில்) அங்க யாருப்பா, காரை விட்டு இறங்கி அழறான்?

மருமகன்: ஜோ குவான்யூ. சீனா.

மாமா: (நிமிர்ந்து உட்கார்ந்து) எத்தனையாவது?

மருமகன்: 14.

மாமா: பதினாலுக்கா அழறான்?

மருமகன்: 2004லேருந்து அந்த ஊர்ல அடுத்தவங்க ஓட்டித்தான் பாத்திருக்காங்க. சொந்த ஆள் ஒருத்தர் ரேஸ் ஓட்டுறது இன்னிக்குத்தான்.

மாமா: அவனுக்குப் பாட்டு போடுவானா?

மருமகன்: மாட்டான்.

மாமா: அப்ப நான் போய்ப் படுக்கறேன்.