வித்துத் தின்னல, மைதானத்துக்காக வித்தாங்க

ஷெஃபீல்டு எஃப்சி என்ற இங்கிலாந்துக் கிளப்பைக் கலாய்க்கிற எந்தப் பதிவைச் சொல்கிறேன் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். டேக் பண்ணப் போவதில்லை. என் தயவில் அதற்கு இன்னும் நாலு லைக் விழ வேண்டாம்.

"உலகத்தோட முதல் ஃபுட்பால் கிளப்பாம். பப்புக்குப் பக்கத்துல ஆடுது. கையில இருந்த ரூல் புக்கையும் வித்துத் தின்னாச்சு." இதற்கு ஒரு படம், கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நம்ம ஆட்களே எவ்வளவு பேர் பகிர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். எல்லாரும் சனிக்கிழமை ராத்திரி பிரீமியர் லீக் பார்த்துவிட்டு ஞாயிறு மத்தியானம் வரை தூங்குகிறவர்கள். பெரிய ஃபுட்பால் ரசிகர்கள்.

மக்களே, முதலில் ஷெஃபீல்டு எஃப்சி வேறு, ஷெஃபீல்டு யுனைடெட் வேறு, ஷெஃபீல்டு வெட்னஸ்டே வேறு. கமெண்டில் பாதிப் பேர் மூன்றையும் ஒன்றாக்கிக் கலாய்த்திருக்கிறார்கள். வெட்னஸ்டே பிறந்தது 1867, யுனைடெட் 1889. நான் சொல்கிற ஷெஃபீல்டு எஃப்சி 1857 அக்டோபர் 24. நத்தானியேல் கிரெஸ்விக், வில்லியம் பிரெஸ்ட் என்று கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேர் தொடங்கினார்கள். அப்போது எதிரணி என்று ஒன்றே கிடையாது. அதனால் கல்யாணம் ஆனவன் ஒரு பக்கம், ஆகாதவன் ஒரு பக்கம் என்று தங்களுக்குள்ளேயே பிரிந்து ஆடினார்கள். பக்கத்தில் ஹாலம் என்று இன்னொரு கிளப் வந்து, 1860 டிசம்பர் 26 அன்று அவர்களோடு மோதியதுதான் உலகத்தில் இரண்டு கிளப்புகளுக்கு இடையே நடந்த முதல் ஆட்டமாகச் சொல்லப்படுகிறது.

இவர்கள் எழுதி வைத்த விதிகள்தான் அந்த "ரூல் புக்". தொண்ணூறாவது நிமிடத்தில் கார்னர் கிடைத்ததும் சோபாவிலிருந்து எழுந்து நிற்கிறீர்களே, அந்தக் கார்னர் ஷெஃபீல்டு ஆட்டத்திலிருந்து வந்தது. லண்டனில் இருந்த எஃப்ஏ என்ற கால்பந்துச் சங்கம் 1872-இல்தான் அதை ஏற்றுக்கொண்டது. கோலுக்கு மேலே இருக்கிற குறுக்குக் கம்பியும் ஷெஃபீல்டு விதிகளில் வளர்ந்ததுதான். இதெல்லாம் கொடுத்தவனைப் பார்த்துத்தான் "பப்புக்குப் பக்கத்துல ஆடுது" என்று சிரிப்பு. ஆமாம், ஆடுகிறார்கள். டிரான்ஃபீல்டு என்ற ஊரில், கோச் அண்ட் ஹார்ஸஸ் என்ற பப்பை ஒட்டி. அது ஷெஃபீல்டு நகரம் கூட இல்லை, பக்கத்து டெர்பிஷயர். 2001-இல்தான் அங்கே போனார்கள். 1857-லிருந்து 2001 வரை சொந்தமாக ஒரு மைதானம் இல்லாத கிளப் அது. 144 வருஷம் அடுத்தவன் இடத்தில் ஆடினார்கள். இதைப் படித்துவிட்டும் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள்.

இப்போது அந்த "வித்துத் தின்னாச்சு".

2011-இல் சோத்பிஸ் ஏலத்தில் கையால் எழுதிய அந்த விதிகளும் பழைய ஆவணங்களும் 8,81,250 பவுண்டுக்குப் போனது. அன்றைய மதிப்பில் ஆறு கோடி ரூபாய்க்கு மேல். யாராவது அதில் கார் வாங்கினானா? வீடு கட்டினானா? மைதான வசதிக்காகவும் கிளப்பை நிமிர்த்துவதற்காகவும் விற்றார்கள். வித்துத் தின்னல. இன்னொரு தரம் சொல்கிறேன், வித்துத் தின்னல.

"ஒரு மியூசியத்துக்குக் கொடுத்திருக்கலாமே" என்று ஒரு தம்பி மரியாதையாகவே கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் தம்பி, மியூசியம் வந்து புல் வெட்டிக் கொடுக்குமா? ஃபிளட்லைட்டுக்குக் கரண்ட் பில் கட்டுமா? இந்த மாதிரிக் கீழ்மட்ட லீக்கில் ஆடுகிறவர்கள் பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் பயிற்சிக்கு வருகிற ஆட்கள். ஆட்டத்துக்குக் கொஞ்சம் காசு கிடைக்கும், அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. அப்படிப்பட்ட கிளப் கண்ணாடிப் பெட்டிக்குள் காகிதத்தை வைத்துக் கும்பிட்டுக்கொண்டே மூடிப்போயிருக்க வேண்டும் என்கிறீர்களா? அப்போது மட்டும் எல்லாரும் "RIP" போட்டிருப்பீர்கள்.

இன்னொருத்தர் 1824-இலேயே எடின்பரோவில் ஒரு ஃபுட்பால் கிளப் இருந்தது என்று ஆதாரத்தோடு வந்தார். இருந்தது. 1841-இல் முடிந்தும் போனது. இன்றும் ஆடிக்கொண்டிருக்கிற கிளப்புகளில் மூத்தது ஷெஃபீல்டு எஃப்சிதான். அடுத்து நாட்ஸ் கவுண்டி என்றார்கள். அது 1862, தொழில்முறைக் கிளப்புகளில் மூத்தது. அதை யாரும் மறுக்கவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம், ஷெஃபீல்டு என்ன உன் மாமியார் வீடா என்று ஒருத்தன் கேட்டிருக்கிறான். சொல்கிறேன்.

எங்கள் கடற்கரை ஊரில் ஒரு கிளப் இருந்தது. வாசகசாலையும் அதுதான், விளையாட்டுக் கழகமும் அதுதான். ஒரே அறை, இரண்டு பெஞ்ச், தினத்தந்தி, மூலையில் காற்றுப் போன பந்துகள். எங்கள் சின்ன மாமா நீள நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைப்பார். எந்தக் கோயில் திருவிழா டோர்னமெண்டுக்குப் போனோம், யார் கோல் போட்டது, வேன் வாடகை எவ்வளவு, பந்து தைத்த கூலி எவ்வளவு, யார் சந்தா பாக்கி. பெனால்டியை வெளியே அடித்தவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதியிருப்பார், அதை இங்கே போட முடியாது. மாமா கடலுக்குப் போகிறவர். ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு வந்து, மத்தியானம் எங்களுக்குப் பயிற்சி கொடுப்பார். அவருக்குச் சம்பளமா? ஜெயித்தால் ஒரு பரோட்டா.

அந்த அறையை இடித்துப் புதுக் கட்டடம் கட்டினார்கள். அழகான கட்டடம், டைல்ஸ் போட்டது. நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. என்ன விலைக்கு என்று கூட யாருக்கும் தெரியாது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, யாருக்கும் அது ஒரு பொருளாகவே தோன்றவில்லை, அவ்வளவுதான். டீம் அதற்கு முன்பே கலைந்திருந்தது. இப்போது அதே ஊர்ப் பையன்கள் மெஸ்ஸியா ரொனால்டோவா என்று வாட்ஸ்அப் குரூப்பில் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போடுகிறார்கள். மாமா பெயரைக் கேட்டால் "யாரு, அந்த வலை பின்னுற தாத்தாவா?" என்கிறார்கள்.

இதில் அந்தப் பதிவை முதலில் பகிர்ந்தது யார் தெரியுமா? மாமா தோளில் தூக்கிக்கொண்டு போய் ஆட்டம் காட்டிய ஒருத்தன். இப்போது வளைகுடாவில் இருக்கிறான், முகப்புப் படத்தில் லிவர்பூல் ஜெர்சி. உனக்குத்தான்டா சொல்கிறேன். அவர்கள் விற்றது ஏலத்தில், உலகமே பார்க்க, பவுண்டுக்கு. நாம் எடைக்குப் போட்டோம். வித்துத் தின்றது யார்?

சரி, ஓவராகப் பேசுகிறேன் என்பீர்கள். பேசிக்கொள்ளுங்கள். ஃபிஃபாவின் ஆர்டர் ஆஃப் மெரிட் விருது வாங்கிய கிளப்புகள் இரண்டே இரண்டு. ஒன்று ரியல் மாட்ரிட். இன்னொன்று எது என்று அந்தச் சிரிப்புப் பொம்மைக்காரர்கள் கூகுளில் தேடிப் பார்க்கட்டும். 2007-இல் 150-ஆவது ஆண்டுக்கு இன்டர் மிலான் வந்து ஆடியது, பெலே வந்து உட்கார்ந்து பார்த்தார். ஷெஃபீல்டுக்காரர்கள் 5-2 என்று தோற்றார்கள். தோற்றதையும் நானே சொல்லிவிட்டேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வர வேண்டாம்.

"எத்தனை கோப்பை?" என்று இதற்குக் கீழேயும் ஒருத்தன் வந்து கேட்பான். சம்பளம் வாங்காமல் ஆடுகிறவர்களுக்கான எஃப்ஏ அமெச்சூர் கோப்பை, 1904. அதோடு அந்தக் கேள்விக்குப் பதில் முடிந்தது. இன்னொரு தரம் கேட்டால் பிளாக்தான், சொந்தக்காரனாக இருந்தாலும் சரி.