சம்பா நெல் வேற, சம்பா ஆட்டம் வேற

பெங்களூரு அல்சூர்ல ஞாயித்துக்கிழமை பிரேசில் நாட்டு சம்பா ஆட்டத்துக்கான டிரம்ஸ் வாசிக்கிற குரூப்போட வீடியோக்கு கீழ, "சம்பா"ங்கிற பேரே நம்ம சம்பா நெல்லுல இருந்து வந்தது, நம்ம அறுவடை ஆட்டம்தான் கப்பலேறி பிரேசிலுக்கு போச்சுன்னு ஒரு அண்ணன் எழுதியிருக்காரு, அதை நிறைய பேர் ஷேர் பண்றாங்க. அண்ணா தப்பா எடுத்துக்காதீங்க, அது சரியில்லங்க. தமிழ்ல எழுதும்போது ரெண்டும் ஒண்ணா தெரியுது, அவ்ளோதான்.

அந்த ஆட்டம் ஆப்பிரிக்காவுல இருந்து அடிமைகளா பிரேசிலுக்கு கொண்டு போகப்பட்ட மக்களோடது, பிரேசில்ல இருக்க பாஹியா (Bahia) பகுதியில வளர்ந்து அப்புறம் ரியோவுக்கு வந்து இப்ப நாம பாக்குற பெரிய டிரம்ஸ் வடிவம் எடுத்துச்சு. பேரையும் அங்கோலா பக்கம் பேசுற கிம்புண்டு மொழியில இருக்க "செம்பா"ங்கிற சொல்லோடதான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் சேர்த்து சொல்றாங்க.

யுனெஸ்கோ சைட்ல "சம்பா டி ரோடா"ன்னு (பாஹியாவுல வட்டமா நின்னு ஆடுற சம்பா) தேடிப் பாருங்க, 2005லயே அங்கீகாரம் கொடுத்திருக்காங்க. வட்டத்துல ஆடுற ஒருத்தர் அடுத்தவங்களை உள்ள கூப்பிடுற "உம்பிகாடா"ங்கிற அசைவு, அதாவது தொப்புளோட தொப்புள் இடிக்கிற மாதிரி வர்றது, ஆப்பிரிக்காவோட பாந்து மக்கள்கிட்ட இருந்து வந்ததுன்னு அதுலயே இருக்கு. அவ்ளோ கஷ்டத்துலயும் அந்த மக்கள் காப்பாத்தி வச்ச ஆட்டம், அதை அவங்க பேர்லயே சொல்லணும்னு எனக்கு மனசார தோணுது. போஸ்ட்டை கொஞ்சம் எடிட் பண்ணிடுங்கண்ணா.