பேமிற் காணிக்குப் பேர் போட்டாச்சோ?

லண்டனில பிளாற் வாங்கின எங்கட பிள்ளையள் ஒரு விசயத்தில வலு கவனம். லீசில மிச்சம் 80 வருசத்துக்குக் கீழ இறங்கினால் நீடிக்கிற செலவு ஏறும் எண்டு அதுக்கு முதலே சட்டத்தரணியிட்ட ஓடுவினம். அதே பிள்ளையளின்ர ஐயா வட்டக்கச்சியிலயோ முத்தையன்கட்டிலயோ பேமிற் காணியில, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில தந்த காணியில இருப்பார். பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பிறகு காணிக்கு உரித்தாகிறவர், ஆர் எண்டு கேட்டால் "அதெல்லாம் எழுதிக் கிடக்கு" எண்டுவார். எழுதிக் கிடக்கிறது வேற, பதிஞ்சு கிடக்கிறது வேற. இந்த வித்தியாசம் தெரியாமல் வன்னியில எத்தினை வளவு பிணக்கில கிடக்குது.

பேமிற் காணி உறுதிக்காணி இல்லை. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ அரசாங்கம் தந்தது. நிபந்தனைகளை நிறைவேற்றினால் பேமிற் அளிப்பாக (கிறான்ற்) மாறும். சுவர்ணபூமி, ஜயபூமி எண்டு வந்ததெல்லாம் அதுதான். அளிப்புப் பத்திரம் கைக்கு வந்தவுடன உறுதி கிடைச்ச மாதிரி நினைக்கிறது பெரிய பிழை. அளிப்புக் காணியையும் பிரதேச செயலாளரின்ர எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க ஏலாது. வெள்ளைத்தாளில எழுதி முத்திரையில கையொப்பம் வைச்சு வாங்கினவை, நொத்தாரிசிட்ட போய் முடிச்சவை எல்லாம் இதைக் கவனிக்க வேணும். சம்மதம் இல்லாத கைமாற்றம் சட்டத்தில வெறுமை. காசு குடுத்ததுக்குத்தான் சாட்சி இருக்கும், காணிக்கு இல்லை.

இனி பேர் போடுற, அதாவது பின்னுரித்தாளரை நியமிக்கிற வேலை. மூலப் பேமிற்றோட பிரதேச செயலகத்துக் காணிக் கிளைக்குப் போய் (பழைய ஆக்களுக்கு ஏ.ஜி.ஏ. கந்தோர்) பேரேட்டில இருக்கிற பேர், விஸ்தீரணம், இலக்கம் மூண்டும் உங்கட கடதாசியோட ஒத்துப்போகுதோ எண்டு பாருங்கோ. நியமனப் பத்திரத்தைப் பிரதேச செயலாளர், காணிப் பதிவாளர், நொத்தாரிசு, சமாதான நீதவான் இவையில ஒருவர் முன்னால ஒப்பமிடலாம். அதோட முடியேல்ல. அந்தப் பத்திரம் காணிப் பதிவகத்தில பதியப்பட வேணும், அதுவும் காணிக்காரர் உயிரோட இருக்கேக்க. செவ்வாய்க்கிழமை ஒப்பம், வியாழக்கிழமை செத்தவீடு, அடுத்த மாதம் பதிவு எண்டால் அந்த நியமனம் செல்லாது. கனபேர் வழுக்கி விழுறது இந்த இடத்திலதான். ஒப்பம் வைச்ச நாளே வேலை முடிஞ்சுது எண்டு வீட்டை வந்திடுவினம், பத்திரம் கோவைக்குள்ள படுத்திருக்கும். பதிவு இலக்கம் விழுந்த பிரதியைக் கையில வாங்கும்வரைக்கும் கேட்டுக்கொண்டே இருங்கோ.

பேர் போடாமல் இறந்தால்? முதல் உரிமை கணவனுக்கு அல்லது மனைவிக்கு. ஆனால் அது சீவிய காலத்துக்கு மட்டும்தான். அந்தக் காணியை விற்கவோ வேற ஆளை நியமிக்கவோ ஏலாது. மறுமணம் செய்தால் அதுவும் போகும். சின்ன வயசில கணவனை இழந்த பெண்கள் இவ்வளவு பேர் இருக்கிற மண்ணில இப்பிடி ஒரு விதி இருக்கிறது எனக்குச் சகிக்கேல்ல. ஆனால் இருக்குது, அதைத் தெரிஞ்சுகொண்டுதான் முடிவெடுக்க வேணும்.

அவைக்குப் பிறகு அந்தக் கட்டளைச் சட்டத்தின்ர மூன்றாம் அட்டவணையில இருக்கிற உரித்து வரிசை. முந்தி அதில மகனுக்குப் பிறகுதான் மகள். நாங்கள் வளவையும் வீட்டையும் மகளுக்குச் சீதனமாகக் குடுத்து, மருமகனும் கிணறு வெட்டி, மதில் கட்டி இருப்பார். சட்டமோ கடதாசியில மூத்த மகனைத் தேடும். சீதன உறுதி பேமிற் காணியில எடுபடாது. ஆண் முந்தி எண்ட அந்த வேறுபாட்டை 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நீக்கிப்போட்டுது. நல்ல விசயம். எண்டாலும் பேர் போடாட்டில் காணி ஒருவருக்குத்தான் போகும், வீட்டில குடியிருக்கிற மகள் கடைக்குட்டியாக இருந்தால் பழைய சிக்கல் அப்பிடியே. அவவுக்குத்தான் எண்டால் அவவின்ர பேரைப் பதியுங்கோ. ரெண்டு பேருக்குப் பிரிக்கிறதாயிருந்தால், பிரிக்கக்கூடிய ஆகக் குறைஞ்ச அளவு எவ்வளவு எண்டு உங்கட பேமிற்றில முதல் பாருங்கோ. அதுக்குக் கீழ துண்டு போட விடமாட்டினம்.

வெளிநாட்டில இருக்கிற பிள்ளையைப் போடுறவைக்கு ஒண்டு. பின்னுரித்தாளர் ஆறு மாதத்துக்குள்ள காணியில வந்து உடைமை எடுக்க வேணும். செத்தவீட்டுக்கு வந்து எட்டுச் செலவு முடிய பிளேன் ஏறுறது உடைமை எடுக்கிறது இல்லை. காசு அனுப்புறவர் ஆர் எண்டு பாராமல், காணியில கால் வைக்கக்கூடியவர் ஆர் எண்டு பாருங்கோ.

கடதாசிச் சிக்கல்களில முதலாவது பேர். பேமிற்றில "கந்தையா வேலுப்பிள்ளை", அடையாள அட்டையில "வே. கந்தையா" எண்டிருந்தால் இப்பவே சமாதான நீதவான் முன்னால சத்தியக் கடதாசி முடியுங்கோ. அவர் உயிரோட இருக்கேக்க அது ஒரு காலைவேலை, பிறகெண்டால் விதானையார் கடிதம், அயலட்டைச் சாட்சி எண்டு இழுபடும். இடம்பெயர்வில பேமிற் துலைஞ்சிருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோட காணிக் கிளைக்குப் போங்கோ, பேரேட்டைத் தேடச் சொல்லுங்கோ. காணிக்காரர் காணாமல் ஆக்கப்பட்டவர், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இல்லை எண்டால், காணாமற்போனவருக்கெண்டு தனியாக ஒரு சான்றிதழ் 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தில இருக்குது. அதை வைச்சு என்ன செய்யலாம் எண்டு கேளுங்கோ.

கடைசியா ஒண்டு. மூலப் பேமிற்றை லமினேற் பண்ணாதேங்கோ. முத்திரை குத்தவும் குறிப்பு எழுதவும் அந்தத் தாள் திறந்து கிடக்க வேணும். மடிப்பில கிழிஞ்சிருந்தால் பிளாஸ்ரிக் உறையில வைச்சு, ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து, ஊரில ஒரு பிள்ளைக்கும் வெளியில ஒரு பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கோ.