இடைத்தேர்தல் இல்லாத நாட்டில் ஆளுங்கட்சிக்கு யார் சொல்வது?

ஆளுங்கட்சி ஒன்று இடைத்தேர்தலில் தோற்ற மறுநாள் காலையில் அந்தக் கட்சி எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். யார் பொறுப்பேற்கிறார்கள், யார் வாக்காளரைக் குறை சொல்கிறார்கள், தலைவரின் முகத்துக்கு நேரே பேச யாருக்குத் துணிவு இருக்கிறது என்பதெல்லாம் அன்றைக்கு வெளியே வந்துவிடும். இலங்கையில் நமக்கு அப்படி ஒரு காலை வாய்ப்பதே இல்லை. 1989இல் விகிதாசார முறைப்படி முதல் பாராளுமன்றம் தெரிவானதிலிருந்து இங்கே பாராளுமன்றத்துக்கு இடைத்தேர்தல் கிடையாது. ஓர் உறுப்பினர் இறந்தாலும் விலகினாலும் அதே பட்டியலில் அடுத்த இடத்தில் இருப்பவர் வந்து சத்தியப்பிரமாணம் செய்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். சனங்களிடம் யாரும் வந்து கேட்பதில்லை.

இதனால் அதிகம் கெட்டுப்போனது எதிர்க்கட்சிகள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆளுங்கட்சிகள்தான் என்பது என் கருத்து. அதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு.

2022 ஜூன் மாதக் கடைசியை நினைத்துப் பாருங்கள். வெள்ளவத்தையில் காலி வீதி நெடுக பெற்றோலுக்கு நின்ற வாகன வரிசை. எரிவாயு இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஜூன் 27 நள்ளிரவிலிருந்து அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. அதே வாரத்தில் லண்டனில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்கா தொலைபேசியில் எங்கள் நிலைமையைக் கேட்டுவிட்டு, அங்கே நடந்த இரண்டு இடைத்தேர்தல்களைப் பற்றித்தான் அதிக நேரம் கதைத்தா. எனக்கு அப்போது அதில் மனம் செல்லவில்லை. பிறகுதான் இரண்டு நாட்டையும் பக்கத்தில் வைத்து யோசித்தேன்.

அங்கே ஜூன் 23ஆம் தேதி வேக்ஃபீல்ட், டிவர்ட்டன் அண்ட் ஹோனிட்டன் என்று இரண்டு தொகுதிகளில் ஒரே நாளில் வாக்களிப்பு. இரண்டுமே ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியின் கையில் இருந்தவை. இரண்டையும் இழந்தார்கள். வேக்ஃபீல்ட் தொழிற்கட்சிக்குப் போனது. டிவர்ட்டனில் 2019இல் அவர்களுக்கு 24,239 பெரும்பான்மை. அது லிபரல் டெமோகிராட் கட்சியிடம் போனது. முடிவு வந்த சில மணி நேரத்துக்குள், விடிகாலையிலேயே, கட்சித் தவிசாளர் ஒலிவர் டௌடன் யாராவது பொறுப்பேற்கத்தான் வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு விலகினார். பிரதமர் பொரிஸ் ஜோன்சன் அப்போது பொதுநலவாய மாநாட்டுக்காகக் கிகாலியில். அதே மாதம் 6ஆம் தேதிதான் சொந்தக் கட்சியின் நம்பிக்கை வாக்கெடுப்பில் 211க்கு 148 என்று தப்பியிருந்தார். ஜூலை 5இல் ரிஷி சுனாக்கும் சஜித் ஜாவிட்டும் அமைச்சரவையை விட்டு வெளியேறினார்கள். 7ஆம் தேதி ஜோன்சன் தான் விலகுவதாக அறிவித்தார். கடைசியாக அவரைத் தள்ளிய விவகாரம் வேறு. பாலியல் சீண்டல் குற்றச்சாட்டுக்கு ஆளான கிறிஸ் பின்ச்சர் என்ற எம்பி சம்பந்தப்பட்டது. ஆனால் இந்தத் தலைவரோடு அடுத்த தேர்தலுக்குப் போனால் தங்கள் ஆசனமும் போய்விடும் என்ற பயத்தை அந்த எம்பிக்களின் வயிற்றில் வைத்தவர்கள் அந்த இரண்டு தொகுதி வாக்காளர்கள்.

இரண்டு நாள் கழித்து, ஜூலை 9. இங்கே சனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். 13ஆம் தேதி கோட்டாபய ராஜபக்ஷ மாலைதீவுக்குப் போனார். 14ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து ராஜினாமாக் கடிதம் அனுப்பினார்.

ஒரே வாரத்தில் இரண்டு ஆட்சித் தலைவர்கள். ஒருவரை அவருடைய கட்சியே வாக்குப் பெட்டியைப் பார்த்துவிட்டு இறக்கியது. மற்றவரை இறக்க மாதக்கணக்காகக் காலிமுகத்திடலில் படுத்துக்கிடக்க வேண்டியிருந்தது. அடிபட்டார்கள், உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. அந்தப் போராட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதில் நின்ற பிள்ளைகள்மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அவர்களை அந்த நிலைக்குத் தள்ளிய ஓர் அமைப்புக் கோளாறு இருக்கிறது. அதைப் பற்றித்தான் நாம் கதைப்பதே இல்லை.

2020 ஆகஸ்ட்டில் ராஜபக்ஷக்களின் மொட்டுக் கட்சி (பொதுஜன பெரமுன) 145 ஆசனங்களோடு வந்தது. அடுத்த இரண்டு வருடத்தில் இந்த நாட்டில் எங்கேயும் அந்த அரசாங்கத்துக்கு ஒரு வாக்குச் சோதனை வரவில்லை. 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடைசெய்தார்கள். அந்த வருடம் பொலன்னறுவையிலோ அம்பாறையிலோ ஓர் ஆசனத்துக்கு இடைத்தேர்தல் நடந்திருந்தால் விவசாயிகள் சொல்லவேண்டியதைச் சொல்லியிருப்பார்கள். ஆளுங்கட்சி எம்பிக்கள் அடுத்த நாளே ஜனாதிபதி செயலகத்தின் கதவைத் தட்டியிருப்பார்கள். அதற்குப் பதிலாக என்ன நடந்தது? அந்த ஜூலையில் ஒரு தேசியப் பட்டியல் உறுப்பினர் விலகினார். பசில் ராஜபக்ஷ அந்த ஆசனத்துக்கு வந்து நிதியமைச்சரானார். அவர் எந்தத் தொகுதியிலும் போய் ஒரு வாக்குக் கேட்கவில்லை. 2022 மார்ச்சில் முடிய வேண்டிய உள்ளூராட்சி சபைகளின் காலத்தையும் வர்த்தமானி மூலம் ஒரு வருடம் நீடித்தார்கள். சனங்கள் பேசக்கூடிய ஒவ்வொரு வாயிலையும் ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, வெளியே அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த அரசாங்கமும் அதையே செய்தது. இது கொழும்புக்காரர்களான நாம் மறக்கக்கூடாத கதை. 2023 ஜனவரியில் எதிர்க்கட்சியான ஐக்கிய மக்கள் சக்தியின் முஜிபுர் ரஹ்மான் கொழும்பு மேயர் பதவிக்குப் போட்டியிடுவதற்காக எம்பி பதவியை விட்டார். பழைய முறை இருந்திருந்தால், நாடு வங்குரோத்தாகிக் கிடந்த நேரத்தில், தலைநகரிலேயே ஓர் இடைத்தேர்தல் நடந்திருக்கும். ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாகி ஆறு மாதம். அவருடைய சொந்த ஊர், அவருடைய கட்சியின் கோட்டை. வரி உயர்வையும் மின் கட்டணத்தையும் பற்றிக் கொழும்பு என்ன நினைக்கிறது என்று அவருக்கும் தெரிந்திருக்கும், நமக்கும் தெரிந்திருக்கும். நடந்தது வேறு. அந்த ஆசனத்துக்குப் பட்டியலில் அடுத்து இருந்த ஏ.எச்.எம். பௌசி வந்தார். முஜிபுர் போட்டியிட விலகிய உள்ளூராட்சித் தேர்தலோ மார்ச் 9ஆம் தேதி நடக்கவில்லை. திறைசேரியில் பணம் இல்லை என்றார்கள். 2024 ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு அடுத்த மாதம் ரணில் ஜனாதிபதித் தேர்தலில் மூன்றாம் இடத்துக்குப் போனார். 2023 மார்ச்சில் தோல்வி வந்திருந்தால் திருந்துவதற்கு அவரிடம் ஒன்றரை வருடம் இருந்திருக்கும்.

அண்மைக் காலத்தில் இடைத்தேர்தலுக்கு மிக நெருங்கி வந்தது எல்பிட்டிய பிரதேச சபைத் தேர்தல்தான். வழக்கொன்றின் காரணமாக 2018இல் மற்ற சபைகளோடு அங்கே தேர்தல் நடக்காததால் தனியாக 2019 ஒக்டோபரில் நடந்தது. 29 ஆசனங்களில் மொட்டு 17. ஆட்சியில் இருந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு 7. ஜேவிபிக்கு 2. அடுத்த மாதம் ஜனாதிபதித் தேர்தலில் நடக்கப்போவதை அந்தச் சிறிய சபை முன்கூட்டியே காட்டியது. ஐக்கிய தேசியக் கட்சிக்குள் அதற்குப் பிறகும் யார் தலைவர் என்ற சண்டையே முடியவில்லை. நவம்பரில் தோற்றார்கள், அடுத்த வருடம் இரண்டாக உடைந்தார்கள், 2020 பொதுத் தேர்தலில் நாடு முழுவதற்கும் ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனம். 2024 ஒக்டோபரில் அதே எல்பிட்டியவில் ஜேவிபி தலைமையிலான தேசிய மக்கள் சக்தி 30இல் 15 எடுத்தது. இரண்டு ஆசனத்திலிருந்து பதினைந்து. தென் மாகாணத்தின் ஒரு மூலையிலுள்ள ஒரு பிரதேச சபை இரண்டு தடவை நாட்டுக்கே சேதி சொன்னது. அப்படிப் பத்துப் பதினைந்து எல்பிட்டியக்கள் ஐந்து வருடத்துக்குள் நடந்தால் எந்த அரசாங்கமும் இவ்வளவு தூரம் கண்மூடிப் போக முடியாது.

சரி, இடைத்தேர்தல் நடந்தால் மட்டும் ஆளுங்கட்சி கேட்டுவிடுமா? கேட்காத கதையும் நம்மிடம் இருக்கிறது, அதுவும் நம்முடைய கதை. 1972 குடியரசு அரசியலமைப்பை எதிர்த்துத் தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அந்த ஒக்டோபரில் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். முடிந்தால் என்னோடு மோதிப் பாருங்கள் என்பது அவருடைய சவால். பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு மேல் அந்த இடைத்தேர்தலை இழுத்தடித்தது. 1975 பெப்ரவரி 6இல் நடத்தியபோது அரசாங்கத்தின் பங்காளியான கம்யூனிஸ்ட் கட்சியின் வீ. பொன்னம்பலம் 9,457 வாக்குகள் பெற்றார். செல்வநாயகம் 25,927. இதைவிடத் தெளிவாக ஒரு தொகுதி எப்படிச் சொல்ல முடியும்? கொழும்பில் இருந்தவர்கள் அதை வடக்கின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட்டார்கள். அடுத்த வருடம் தனித் தமிழீழம் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது. 1977இல் ஸ்ரீமாவோவின் கட்சி 8 ஆசனங்களுக்குச் சுருங்க, தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களோடு பிரதான எதிர்க்கட்சியானது. காங்கேசன்துறைத் தோல்வியை அன்றைய அரசாங்கம் உட்கார்ந்து வாசித்திருந்தால் எவ்வளவோ மாறியிருக்கும் என்று நான் மனதார நம்புகிறேன். இதை எழுதும்போதுகூட எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1977இல் வென்று வந்த ஜே.ஆர். ஜயவர்தன வேறு பாடம் படித்தார். தோற்கக்கூடிய இடத்துக்கே போகாமல் இருப்பது. 140 ஆசனங்களை வைத்துக்கொண்டு 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பு நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீடித்தார். தன் எம்பிக்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கிப் பையில் வைத்திருந்தார். அந்த வாக்கெடுப்பில் தோற்ற தொகுதிகளின் உறுப்பினர்களை விலகச் செய்து, 1983 மே 18இல் 18 தொகுதிகளில் இடைத்தேர்தல் வைத்தார். நாள், இடம், நேரம் எல்லாம் அவருடைய விருப்பம். ஐக்கிய தேசியக் கட்சி 14இல் வென்றது. ஒரு பொதுத் தேர்தலைத் தின்றுவிட்டு அதற்கு ஈடாகக் கொடுத்த துண்டு அது. இரண்டு மாதம் கழித்து அந்த ஜூலையில் கொழும்பில் என்ன நடந்தது என்று வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைக் குடும்பங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

தமிழ்நாட்டைக் காட்டி இடைத்தேர்தலே பணக்கூத்துத்தானே என்று நண்பர்கள் கேட்பார்கள். உண்மைதான். 2009 திருமங்கலத்தின் பெயரே வாக்குக்குப் பணம் கொடுப்பதற்கு அடையாளமாகிவிட்டது. ஆர்.கே. நகரில் 2017 ஏப்ரலில் நடக்கவிருந்த தேர்தலையே பணப் பட்டுவாடா காரணமாக நிறுத்தினார்கள். டிசம்பரில் நடந்தபோது ஆளும் அதிமுகவை டி.டி.வி. தினகரன் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் தோற்கடித்தார். அமைச்சர்கள் எல்லாம் ஒரே தொகுதியில் குவிந்து நிற்பது அசிங்கம். அதைத் தேர்தல் ஆணைக்குழுவைப் பலப்படுத்திச் சரிசெய்யலாம், பிரசாரச் செலவுக்கு எல்லை வைக்கலாம். நம் நாட்டில் 2023இல் பிரசாரச் செலவுச் சட்டம் ஏற்கெனவே வந்துவிட்டது. பணக்கூத்தைக் காரணம் காட்டிச் சனங்களின் வாயை ஐந்து வருடத்துக்குப் பூட்டிவைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனி இன்றைய ஆளுங்கட்சிக்கு வருகிறேன். தேசிய மக்கள் சக்திக்கு 2024 நவம்பரில் வாக்களித்தவர்களை எதிரிகளாகப் பார்த்து நான் இதை எழுதவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்திலேயே ஆறில் மூன்று ஆசனங்களை அவர்களுக்குக் கொடுத்தோம். தெற்கை மையமாகக் கொண்ட ஒரு கட்சிக்கு அப்படி ஒரு வரவேற்பு அங்கே கிடைத்ததில்லை. அன்றைக்கு நாடு முழுவதும் அவர்களுக்கு 68 இலட்சத்துக்கு மேல் வாக்குகள், 61 சதவீதத்துக்கு மேல். ஆறு மாதம் கழித்து, 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் 45 இலட்சம், 43 சதவீதம். வடக்கில் தமிழரசுக் கட்சி மீண்டும் எழுந்தது. கொழும்பு மாநகர சபையில் 117இல் 48தான். இரகசிய வாக்கெடுப்பில் 61க்கு 54 என்று வ்ராய் கெலி பல்தசாரை மேயராக்கினார்கள். மேயர் கிடைத்துவிட்டது, அப்புறம் எல்லாம் சரி என்ற மாதிரித்தான் அன்று பேச்சு இருந்தது.

இரண்டு தேர்தலும் ஒன்றல்ல, வாக்களித்தோர் வீதமும் குறைவு என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் 23 இலட்சம் வாக்கு எங்கே போனது என்று கட்சிக்குள் யாராவது உரக்கக் கேட்டார்களா? கேட்டிருந்தால் வெளியே எனக்குத் தெரியவில்லை. கொட்டாஞ்சேனையில் தமிழில் ஒரு கடிதத்துக்குப் பதில் வராமல் அலைகிறவர், கிராண்ட்பாஸில் மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறவர், காணி விடுவிப்புக்குக் காத்திருக்கும் வடக்குக் குடும்பம், இவர்களில் எத்தனை பேர் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்?

இப்போது மாகாண சபைகள். 2014 ஊவாவுக்குப் பிறகு ஒரு மாகாண சபைத் தேர்தலும் நடக்கவில்லை. வடக்கில் கடைசியாக வாக்களித்தது 2013 செப்டெம்பர். 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2018இல் எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் நிராகரித்தது, அதோடு எல்லாம் நின்றது. வென்று வந்த ஒவ்வொரு அரசாங்கமும் முன்னைய அரசாங்கத்தின் அந்தச் சாக்கைக் கையில் எடுத்துக்கொண்டது. இந்த அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டுக்கு மேல், 159 ஆசனங்கள் இருக்கின்றன. பழைய முறையிலேயே நடத்துவதற்கு ஒரு சிறிய திருத்தம் போதும். தோற்றுவிடுவோமோ என்று பயந்து தள்ளிப்போட்டால், மேலே சொன்ன அரசாங்கங்களின் வழியில்தான் போகிறார்கள்.

புதிய அரசியலமைப்பு, புதிய தேர்தல் முறை என்று கதைக்கிறார்கள். தொகுதி முறையையும் விகிதாசாரத்தையும் கலந்து கொண்டுவரப்போகிறார்கள் என்றால் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. தொகுதியில் நேரடியாக வென்றவரின் ஆசனம் வெற்றிடமானால் 90 நாட்களுக்குள் அந்தத் தொகுதியில் இடைத்தேர்தல் நடக்க வேண்டும், அந்தக் காலக்கெடுவை அமைச்சரோ ஜனாதிபதியோ தள்ளிப்போட முடியாதபடி எழுத வேண்டும். உள்ளூராட்சியில் வட்டார முறையைக் கொண்டுவந்தபோது இதைச் செய்யவில்லை. வட்டாரத்தில் வென்றவர் விலகினாலும் கட்சிச் செயலாளர்தான் பெயர் அனுப்புகிறார். அதே பிழையைப் பாராளுமன்றத்துக்கும் கொண்டுபோகக் கூடாது. கொழும்பு மாவட்டத்தின் 18 எம்பிக்களில் யாரையாவது சந்திக்கிறவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள். ஆளுங்கட்சி எம்பியிடம் முதலில் கேளுங்கள்.