உப்பில் அலுமினியத் தூளா? ஒரு திருத்தம்

"உப்பு கட்டியாகாமல் இருக்க அலுமினியத் தூளைக் கலக்கிறார்கள், சலவைத்தூளில் இருப்பதும் இதுதான்" என்ற கருத்தில் உண்மை பாதிகூட இல்லை.

உப்பு கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கப்படும், உணவுப் பொட்டலங்களில் 554 என்ற சேர்பொருள் எண்ணால் குறிக்கப்படும் சோடியம் அலுமினோசிலிக்கேட் உலோகத் தூள் அன்று. அலுமினியமும் சிலிக்கனும் ஆக்சிஜன் வழியாகப் பிணைந்த, களிமண்ணின் உறவுக்காரர் என்று சொல்லத்தக்க ஒரு சேர்மம். உப்பு, பால்பொடி போன்றவற்றின் துகள்களுக்கிடையே இருந்து ஈரத்தை ஏற்றுக்கொள்வதே அதன் வேலை. அமெரிக்க விதிகள் இதை 2 விழுக்காடு வரை அனுமதிக்கின்றன. எல்லா உப்பிலும் இது இருப்பதில்லை. பொட்டலத்தில் 536 அல்லது 551 என்றிருந்தால் அவை வேறு சேர்பொருள்கள்.

சலவைத்தூளில் சேர்ப்பது சியோலைட் ஏ. இதுவும் சோடியம் அலுமினோசிலிக்கேட்தான் என்றாலும், ஒழுங்கான நுண்துளைகள் கொண்ட இந்தப் படிகம், தன்னிடமுள்ள சோடியத்தைக் கொடுத்துக் கடினநீரின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. நீர்நிலைகளில் பாசி பெருகக் காரணமான பாஸ்பேட்டுகளுக்கு மாற்றாகவே இது வந்தது. உணவில் சேர்க்கப்படும் 554க்கு இந்தப் படிக அமைப்பு இல்லை. பெட்ரோலியச் சுத்திகரிப்பில் கனமான எண்ணெயைப் பெட்ரோலாக உடைக்கும் வினையூக்கியும் ஒருவகைச் சியோலைட்டே; அதற்காகப் பெட்ரோலையும் உப்பையும் யாரும் ஒன்றென்று சொல்வதில்லை.

ஆயினும் அலுமினியம் பற்றிய கவலை முழுவதும் ஆதாரமற்றதன்று. உணவு வழியாகச் சேரும் மொத்த அலுமினியத்துக்கு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1 மில்லிகிராம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008இல் வரம்பு வைத்தது. பேச வேண்டியது அந்த மொத்த அளவைப் பற்றித்தான்.