அக்டோபரில் வந்து இறங்கும் பச்சை விறகு

அமெரிக்காவின் வெர்மான்ட் பக்கத்துப் பழைய பண்ணை வீடுகளில் இலை உதிரத் தொடங்கினால் போதும், "நல்லா காய்ஞ்சது" என்று சொல்லிப் பச்சை விறகை இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது! பிளந்த மேப்பிள் மரம் காயவே ஒரு முழுக் கோடையாவது வேண்டும். ஓக் என்றால் 2 வருடம்கூட ஆகும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்காத கட்டை அடுப்பில் சீறும், நுரை தள்ளும், வீட்டைச் சூடாக்காது. வெப்பத்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். குளிர்ந்த புகை புகைபோக்கிக்குள் கிரியோசோட் என்கிற தார் போன்ற கசடாகப் படியும். அது தீப்பிடித்தால் வீடே போச்சு.

ஈரமானியைக் கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்த்துத் திருப்திப்படுவது அடுத்த கொடுமை. கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்துங்கள் ஐயா! அடுக்கைத் தார்ப்பாயால் நாலு பக்கமும் மூடிக் கட்டினால் ஈரம் எங்கே போகும்? மேலே மட்டும் மூடுங்கள், அடியில் கட்டை கொடுத்துத் தரையிலிருந்து தூக்குங்கள்.

இதெல்லாம் சரியாகச் செய்தாலும், விடிய விடிய நெருப்பு நிற்கட்டும் என்று வீட்டில் யாராவது அடுப்பின் காற்றுத் திறப்பை இறுக்கி அடைத்துவிடுகிறார்கள். புகைந்து புகைந்து மறுபடி அதே கிரியோசோட்டுதான். பிள்ளைகள் தூங்கும் அறையை ஒட்டித்தானே அந்தப் புகைபோக்கி மேலே போகிறது!