எதுல பாத்தீங்கன்னு சொல்லிட்டு அப்புறம் படத்தைத் திட்டுங்க

"மச்சி, படம் மொக்கை. டயலாக் ஒண்ணுமே கேக்கல." ராத்திரி பதினொரு மணிக்கு நண்பர்கள் குழுவில் ஒருத்தர் போடுகிறார். அடுத்த நிமிஷம் இன்னொருத்தர்: "ஆமாடா, ஒரே இருட்டு வேற." மூன்றாமவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "அப்போ நான் ஸ்கிப்" என்று முடித்துக்கொள்கிறார். அந்தக் குழுவில் அந்தப் படத்தின் கணக்கு அத்தோடு தீர்ந்தது. எங்கே பார்த்தார், எதில் பார்த்தார், எந்த மொழித் தடத்தில் பார்த்தார் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. வாராவாரம் இதே கதைதான். வயிறு எரிகிறது.

டயலாக் கேட்கவில்லை என்றால் அது படத்தின் கோளாறாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் பார்த்தவர் முதலில் சந்தேகப்பட வேண்டியது தன் டிவியை. படத்தின் ஒலியை 5.1-க்குக் கலக்கும்போது முன்னால் இடம், வலம், நடு என்று மூன்று, பின்பக்கம் இரண்டு, இடி போல அதிரும் அடி ஒலிக்கு ஒன்று என்று ஆறு தடம் போகிறது. பேச்சு பெரும்பாலும் அந்த நடுத் தடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். உங்கள் டிவியில் இருப்பதோ இரண்டு சின்ன ஸ்பீக்கர். அதுவும் மெலிசான டிவி என்றால் ஸ்பீக்கர் தரையைப் பார்த்திருக்கும். சத்தம் மேஜையில் பட்டுத் தெறித்துத்தான் உங்கள் காதுக்கு வரும். ஆறு தடத்தை இரண்டாகச் சுருக்கும்போது நடுத் தடத்தை 3 டெசிபல் குறைத்து இடது வலது இரண்டிலும் கலந்துவிடுகிறார்கள். அதுவரை தனி ஸ்பீக்கரில் ஒலித்த பேச்சு இப்போது வயலினோடும் மழைச் சத்தத்தோடும் ஒரே ஓட்டைக்குள் முட்டிக்கொண்டு வருகிறது.

இன்னொன்றும் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் தனக்குக் கொடுக்கும் படங்களில் பேச்சின் சராசரி அளவு மைனஸ் 27 டெசிபலை ஒட்டி இருக்க வேண்டும் என்கிறது (பூஜ்ஜியம்தான் ஒலியின் உச்ச எல்லை, அதற்குக் கீழே மைனஸ்). உச்சம் மைனஸ் 2 வரை போகலாம். அதாவது பேச்சுக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவே ஏறத்தாழ 25 டெசிபல் இடைவெளி. இருட்டு அரங்கில் அந்த இடைவெளிதான் உடம்பை உலுக்கும். ஃபேன் சுற்றுகிற, குக்கர் விசில் அடிக்கிற ஹாலில் பேச்சு ஃபேனுக்குக் கீழே போய்விடும். சத்தத்தைக் கூட்டுவீர்கள். சண்டைக் காட்சி வரும், தூங்கிய குழந்தை எழுந்துவிடும், குறைப்பீர்கள். ரெண்டரை மணி நேரம் ரிமோட்டும் கையுமாக மல்லுக்கட்டிவிட்டு "சவுண்ட் மிக்சிங் கேவலம்" என்று எழுதுவீர்கள். ஒரு ஒலிக்கலவைக்காரர் வாரக்கணக்கில் ராப்பகலாக உட்கார்ந்து செய்த வேலைக்கு நீங்கள் கொடுக்கும் மார்க் இது.

ரெண்டு நிமிஷ வேலைதான் ஐயா. ஆடியோ பட்டியலில் 5.1 என்று போட்ட தடமும் போடாத தடமும் இரண்டும் இருந்தால், டிவி ஸ்பீக்கரில் பார்ப்பவர் 5.1 போடாததை எடுங்கள். ஃபயர் டிவி ஸ்டிக் வைத்திருந்தால் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட்ஸ், அதில் ஆடியோ, அதில் சரவுண்ட் சவுண்ட் போய் பிசிஎம் (இரண்டு தட ஸ்டீரியோ) என்று மாற்றுங்கள். எல்ஜி டிவியில் கிளியர் வாய்ஸ், புதிய சோனியில் வாய்ஸ் ஜூம் என்று பேச்சை மட்டும் தூக்கிக் கொடுக்கும் வசதி இருக்கிறது. ராத்திரி என்றால் நைட் மோடைப் போடுங்கள். அது உச்சத்தை அமுக்கி அடியைத் தூக்கும். சவுண்ட்பார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2.1 என்றால் அதில் நடு ஸ்பீக்கர் கிடையாது. பேச்சுக்காக வாங்குவதானால் குறைந்தது 3.1 வாங்குங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு அப்புறம் படத்தைத் திட்டாதீர்கள்.

அடுத்தது "என்னடா, சீரியல் மாதிரி இருக்கு." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சினிமா நொடிக்கு 24 பிரேம். ஒவ்வொரு பிரேமிலும் அசைவு கொஞ்சம் மங்கலாகப் பதிவாகும். அந்த மங்கல்தான் சினிமாவின் சாயல். நம் ஊர் டிவி முறையில் ஸ்டுடியோ நிகழ்ச்சியும் கிரிக்கெட்டும் நொடிக்கு 50 அசைவு நிலைகளாக ஓடிப் பழகிவிட்டன. கடையில் வாங்கிய டிவியைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால், 24 பிரேமுக்கு நடுவே இல்லாத பிரேம்களைத் தானே கற்பனை செய்து செருகும் வசதி பல மாடல்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். கோடி கோடியாகச் செலவழித்து எடுத்த காட்சி, செய்தி வாசிப்பு போல வழுவழுவென்று ஓடும். ஓடுகிறவனின் காலைச் சுற்றி ஜெல்லி மாதிரி ஒரு நடுக்கம் தெரியும். அது இந்தச் செருகலின் பிசிறு. டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் 2018 டிசம்பரில் இதை நிறுத்தச் சொல்லியே ஒரு வீடியோ போட்டார்கள். 2019-இல் டிவி நிறுவனங்களும் ஸ்டுடியோக்களும் சேர்ந்த யுஎச்டி அலையன்ஸ், இந்தச் செருகலை அணைத்துவிடும் ஃபிலிம்மேக்கர் மோட் என்றே தனியாக ஒன்றை அறிவித்தது. இத்தனை ஆண்டு கழிந்தும் நம் நண்பர்கள் ஒளிப்பதிவாளரைத்தான் திட்டுகிறார்கள்.

இந்தச் செருகலுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பேர் வைத்திருக்கிறது. சாம்சங்கில் பழைய மாடலென்றால் ஆட்டோ மோஷன் பிளஸ், புதியதில் பிக்சர் கிளாரிட்டி. எக்ஸ்பர்ட் செட்டிங்ஸுக்குள் இருக்கும். எல்ஜியில் ட்ரூமோஷன். சோனியில் மோஷன்ஃப்ளோ. மூன்றையும் ஆஃப் செய்யுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: ஒரு இடத்தில் அணைத்தால் எல்லா இடத்திலும் அணைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பல டிவிகளில் இந்த அமைப்பு ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனி. சாதாரணப் படத்துக்கு ஒன்று, எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே அதிக வீச்சு காட்டும்) படத்துக்கு இன்னொன்று. செட்டாப் பாக்ஸில் அணைத்திருப்பீர்கள், ஸ்டிக்கில் அது ஓடிக்கொண்டே இருக்கும். எச்டிஆர் படம் ஒன்றை ஓடவிட்டு மறுபடி ஒருமுறை போய்ப் பாருங்கள்.

"ஒரே இருட்டு" என்பவர்கள் பகல் மூன்று மணிக்கு ஜன்னல் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தவர்கள். இல்லையென்றால் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஈக்கோ மோடை அணைக்காதவர்கள். இல்லையென்றால் மலிவு டிவியில் எச்டிஆர் பார்த்தவர்கள். எச்டிஆர் படங்களை பெரும்பாலும் 1000 நிட்ஸ் வெளிச்சத்தை வைத்து நிறம் திருத்துகிறார்கள். மலிவு டிவி 250, 300 நிட்ஸ் கொடுத்தாலே பெரிது. பெட்டியில் எச்டிஆர் முத்திரை இருக்கும், திரையில் அதைத் தாங்கும் வெளிச்சம் இருக்காது. அப்படிப்பட்ட டிவியில் எச்டிஆரை அணைத்துவிட்டுப் பார்த்தாலே முகங்கள் தெளிந்துவிடும். நெட்ஃபிளிக்ஸ் மொபைல் பிளான் 480 வரிக்கு மேல் போகாது. இருட்டுக் காட்சியில் கறுப்பெல்லாம் கட்டம் கட்டமாக உடைவது அந்தத் தரத்தால். அதில் பார்த்துவிட்டு "விஷுவல்ஸ் சுமார்" என்று தீர்ப்பு எழுத யார் அதிகாரம் கொடுத்தது?

அகலப் படத்தை ஜூம் செய்து பார்ப்பவர்கள் இன்னும் கொடுமை. 2.39-க்கு 1 என்ற அளவில் எடுத்த படத்தை 16-க்கு 9 திரையில் போட்டால் மேலும் கீழுமாகச் சேர்த்துத் திரையில் கால் பங்கு கறுப்பாக நிற்கும். அது பிடிக்காமல் விரலால் இழுத்து நிரப்பினால் அதே கால் பங்கு படம் இடமும் வலமும் வெட்டுப்பட்டுப் போகும். இருவர் எதிரெதிரே நிற்கும் காட்சியில் இரண்டு பேருக்கும் பாதி முகம்தான் மிஞ்சும். "பிரேமிங் ஒண்ணும் தெரியல" என்று வேறு சொல்வார்கள். வெட்டியது நீங்கள்.

தியேட்டரில் பார்த்தவர்கள் தப்பித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அரங்கின் ஒலிக் கருவியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் 7-இல் நிற்க வேண்டும். படத்தைக் கலந்த அறையின் அளவு அதுதான். விளம்பரச் சத்தம் காதைக் கிழிக்கிறது என்று யாராவது புகார் சொல்வார், ஆபரேட்டர் 4.5-க்கு இறக்குவார், படம் தொடங்கியதும் ஏற்ற மறந்துவிடுவார். 8 டெசிபலுக்கு மேல் குறைந்துபோன பேச்சை ஏசி இரைச்சல் விழுங்கிவிடும். இதைப் படத்தின் மேல் எழுதுவது எந்த ஊர் நியாயம்? எழுந்து போய்ச் சொல்லுங்கள். சொன்னால் ஏற்றுவார்கள். திரை வெளிச்சமும் அப்படியே. 2டி படத்துக்குத் திரையில் 14 ஃபுட்லாம்பர்ட், அதாவது 48 நிட்ஸ் விழ வேண்டும். பல்பு கிழடானாலோ, ஆபரேட்டர் அறைக் கண்ணாடியில் தூசி படிந்தாலோ, 3டி லென்ஸைக் கழற்றாமல் 2டி ஓட்டினாலோ படம் சாம்பல் பூசிவிடும். அப்புறம் உட்கார்ந்த இடம். ஓரச் சீட்டில், சுவர் ஸ்பீக்கருக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தவருக்குப் பேச்சை விடப் பின்னணி இசைதான் கேட்கும். "பிஜிஎம் ஓவர்" என்று சொல்கிறவர் எந்தச் சீட் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொன்னால் நம்பலாம். ஒரே வளாகத்தில் ஒன்றாம் ஸ்க்ரீனுக்கும் நாலாம் ஸ்க்ரீனுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும். தியேட்டர் பேர் போதாது, ஸ்க்ரீன் நம்பர் வேண்டும்.

டப்பிங் விவகாரம் தனிக் கொதிப்பு. மலையாளப் படத்தைத் தமிழ்த் தடத்தில் பார்த்துவிட்டு "நடிப்பு செயற்கையா இருக்கு" என்கிறார்கள். நீங்கள் கேட்டது அந்த நடிகரின் குரலே இல்லையே! உதட்டசைவுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக வாக்கியமே வளைந்து நெளிந்திருக்கும். படப்பிடிப்பிலேயே நேரடியாக ஒலி பதிந்த படமென்றால் இழப்பு இன்னும் அதிகம். அங்கே மூச்சும், சேலை உரசலும், பாத்திரச் சத்தமும் பேச்சோடு ஒட்டியே பதிவாகியிருக்கும். பேச்சை எடுத்தால் அதெல்லாம் சேர்ந்து போய்விடும். அப்புறம் இந்தச் சின்னச் சத்தங்களைச் செயற்கையாக உண்டாக்கிப் பதியும் ஃபோலி அறையில் உட்கார்ந்து புதிதாகப் போட்டு நிரப்ப வேண்டும். அந்த வேலைக்குக் கொடுக்கும் நாட்களோ குறைவு. நடிப்பைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மூலமொழித் தடத்தை வைத்து, சப்டைட்டில் போட்டுப் பத்து நிமிடமாவது பாருங்கள். முடியாதென்றால் "தமிழ் டப்பிங்கில் பார்த்தேன்" என்று ஒரு வரி.

ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல? 150 நிமிடப் படம் 100 நிமிடத்தில் முடிந்துவிடும். அழுகைக்கு முன்னால் வைத்த ஆறு நொடி மௌனம் நாலு நொடியாகும். நகைச்சுவையில் வடிவேலுவும் கவுண்டமணியும் எங்கே நிறுத்தினார்கள் என்பதுதானே வித்தையே. அந்த நிறுத்தத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு "எமோஷன் கனெக்ட் ஆகல" என்பது அநியாயம். படம் ஓடும்போதே போனில் வேறெதையோ உருட்டிக்கொண்டிருந்துவிட்டு "கதையே புரியல" என்பதும் அதே ரகம்.

தியேட்டர் பிரிண்டில் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வாயைத் திறக்காதீர்கள். ஓரம் வெட்டுப்பட்ட படம், அரங்கின் எதிரொலியை விழுங்கிய மைக், நிறமெல்லாம் வெளுத்து. அதில் படம் என்று சொல்ல எதுவுமே இல்லை. திருட்டுத்தனமாகப் பதிவதற்கும் அதை லாபத்துக்காகப் பொதுவில் காட்டுவதற்கும் 2023 சினிமாட்டோகிராஃப் சட்டத் திருத்தப்படி மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, மூன்று லட்சத்திலிருந்து தொடங்கும் அபராதம். குழுவில் அந்த இணைப்பைத் தட்டிவிடுகிறவருக்கு இது தெரியுமா?

வார்த்தைகளும் சரியாக வர மாட்டேனென்கின்றன. "லேக்" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைக்கிறார்கள். ஒரே தகவலை மூன்று காட்சி திரும்பத் திரும்பச் சொன்னால் அது திரைக்கதையின் தவறு. சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகும் ஷாட் நின்றுகொண்டிருந்தால் அது எடிட்டிங். பாட்டு கதையை நிறுத்தினால் அது பாட்டை வைத்த இடம். எது என்று சொல்லுங்கள். அழகான மலையைக் காட்டினால் "கேமரா சூப்பர்" என்பதையும் நிறுத்துங்கள், அது மலை சூப்பர்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றினால் சின்னப் படங்களை நினையுங்கள். வெள்ளிக்கிழமை வந்த படத்தின் காட்சிகள் வார இறுதி வசூலைப் பார்த்துத் திங்கட்கிழமையே குறைகின்றன. அடுத்த வெள்ளி புதுப் படங்கள் வந்து மீதியையும் பிடுங்கிக்கொள்ளும். பெரிய நடிகர் படத்துக்கு உங்கள் ஒரு வரி வலிக்காது. புதுமுகங்களை வைத்து எடுத்த படத்துக்குச் சனிக்கிழமை ராத்திரி நாலு குழுவில் "ஸ்கிப்" என்று விழுந்தால் ஞாயிறு அரங்கு காலி.

"குடும்பத்தோட பாக்கலாமா?" என்று கேட்டால் "பாக்கலாம்டா" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதையும் விடுங்கள். இப்போது சென்சார் சான்றிதழில் யூஏ என்பதே வயதுப்படி மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. அதைச் சொல்லுங்கள். ரத்தமா, கெட்ட வார்த்தையா, படுக்கையறைக் காட்சியா, இடைவேளைக்கு முன்னாலா பின்னாலா என்பதைச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளையை அழைத்துப் போகிறவருக்கு வேண்டியது அதுதான்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "வீட்ல 43 இன்ச் டிவி, ஸ்டீரியோ, தமிழ் டப்பிங், ஒரே மூச்சுல பாத்தேன். இடைவேளை வரைக்கும் நல்லா போச்சு. அப்புறம் வர்ற ரெண்டு கோர்ட் சீனும் ஒரே விஷயத்தத்தான் சொல்லுது, அங்க எனக்கு விட்டுப்போச்சு. கடைசி இருபது நிமிஷம் மறுபடி புடிச்சுக்கிட்டாங்க. யூஏ 13+, ஒரு எடத்துல ரத்தம் ஜாஸ்தி." டைப் அடிக்க ஒரு நிமிஷம் ஆகுமா? இதைப் போடாமல் வெறும் "மொக்கை" என்று ஒருத்தர் போட்டால், ஸ்கிப் என்று பதில் போடும் முன் "எதுல பாத்த?" என்று கேளுங்கள்.